அவசரப் பிரிவில் பூர்வகுடிப் பெற்றோர்: ஒரு முன்னாள் தாதியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் வைத்தியசாலைகளில் பூர்வகுடி மக்கள் நடத்தப்படும் விதம் பற்றித் தாங்கள் வெளியிட்ட செய்திக்கு மறுமொழியாக, சென்ற வார வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். தமது மகனுக்குக் கடும் காய்ச்சல் கண்ட இரவில் ஸ்காபரோவில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது மணித்தியாலம் காத்திருந்ததாகவும், தம்மையும் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றும், காத்திருப்பு எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் நாட்டில் ஒரு சாரார் மட்டும் அதை இனப்பாகுபாடு என்று சொல்வது மிகை என்றும் அவர் எழுதியிருந்தார். அந்த ஒன்பது மணித்தியாலத்தை நான் மறுக்க வரவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் ஒன்ராறியோவில் தாதியாக வேலை செய்து, அவற்றில் ஆறு ஆண்டுகளை மாகாணத்தின் வடக்கே ஒரு சிறு நகரத்து அவசரப் பிரிவில் கழித்தவள் என்ற முறையில், அந்த நாற்காலிகளில் இருப்போரின் களைப்பு எனக்குத் தெரியும். ஆனால் அந்த அன்பர் காத்திருந்தது வரிசை நீளமாக இருந்ததால். நான் எழுத விரும்புவது, வரிசையில் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறோம் என்பதே நம் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்படும் நிலையைப் பற்றி.

இதை விளக்க, வாசலில் நடக்கும் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் முதலில் நம்மோடு பேசுபவர் வைத்தியர் அல்லர்; ட்ரியாஜ் தாதி எனப்படுபவர். நோயின் கடுமையைப் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணை வழங்குவதே அவர் வேலை. ஒன்று என்றால் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்; இரண்டு என்றால் பதினைந்து நிமிடத்துக்குள்ளும், மூன்று என்றால் அரை மணித்தியாலத்துக்குள்ளும் வைத்தியர் பார்க்க வேண்டும்; நான்குக்கு ஒரு மணித்தியாலம், ஐந்துக்கு இரண்டு. இவை இலக்குகள் மட்டுமே, நடைமுறையில் நான்கும் ஐந்தும் விடியும் வரை இருக்கும் என்பதை அந்த அன்பரே அனுபவித்திருக்கிறார். இந்த எண்ணை இடுவதற்கு எங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடங்கள். வெப்பநிலை, நாடித் துடிப்பு, மூச்சு, தோலின் நிறம் ஆகியவற்றை அளந்தும் பார்த்தும் விடலாம். மீதி அனைத்தும் பெற்றோர் சொல்வதில் இருக்கிறது. அதிலும் சிறு குழந்தைகளின் உடல் ஏமாற்றக்கூடியது. இரத்த அழுத்தம் கடைசி வரை தாக்குப்பிடித்து நின்றுவிட்டு, விழும்போது ஒரேயடியாக விழும். அதற்கு முன்பே எதோ பிழையாகிவிட்டது என்று அறியக்கூடியவர், அந்தக் குழந்தையை நேற்றும் அதற்கு முந்தைய நாளும் தூக்கி வைத்திருந்தவர் மட்டுமே. மெல்பேர்ணில் ஒரு சிறுவர் வைத்தியசாலையில் நடந்து 2025-இல் வெளியான ஆய்வு ஒன்று, குழந்தையின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் கொள்ளும் அச்சம், நாங்கள் கருவி வைத்து அளக்கும் குறிகளைவிடவும் வலுவாகத் தீவிர சிகிச்சையின் தேவையைச் சுட்டுவதாகக் கண்டிருக்கிறது. அனுபவமுள்ள எந்தத் தாதியும் இதற்கு வியப்படைய மாட்டார். ஆகவே பெற்றோரின் சொல்லை நம்பாமல் விடுவதை மரியாதைக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது ஒரு பரிசோதனையைச் செய்யாமல் விடுவதற்குச் சமம்.

இதை நான் பிறர்மேல் குற்றமாகச் சுமத்தும் முன், என் பங்கை எழுதிவிடுகிறேன்.

வடக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது குளிர்காலம். இரவு பதினொரு மணியளவில் ஓர் இளம் தாயும் அவருடைய தாயும் ஒரு வயது நிரம்பாத ஆண் குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து முதற்குடிச் சமூகத்திலிருந்து (பூர்வகுடிகளில் இனுயிட், மெட்டி மக்கள் தவிர்ந்தோரை முதற்குடியினர் என்பார்கள்), பனிக்காற்றில் தொண்ணூறு நிமிடம் ஓடி வந்த ஒரு பழைய பிக்கப் வண்டியில். குழந்தை மாலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்ததாகவும், இடையிடையே வீரிட்டு அழுததாகவும் தாய் தாழ்ந்த குரலில் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தபோது குழந்தை அமைதியாகப் படுத்திருந்தது. காய்ச்சல் இல்லை. ஊரெல்லாம் வயிற்றுக் கிருமி பரவியிருந்த வாரம் அது. நான் கேட்ட மூன்றாவது கேள்வி, வீட்டில் யார் யார் குடிப்பார்கள் என்பது. அன்று இரவு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்த வேறு எந்தத் தாயிடமும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அதை நான் உணர்ந்தது பல நாட்களுக்குப் பிறகு. குழந்தையின் பாட்டி, அவர்கள் மொழியில் கோக்கம், ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இவன் என்னைப் பார்த்தால் சிரிப்பவன், இன்று என்னைப் பார்க்கவே இல்லை." நான் தலையசைத்துவிட்டு நான்கு என்று எழுதினேன்.

ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்து, வேறு நோயாளியைப் பார்க்கப் போன ஒரு வயதான வைத்தியர் அந்தப் பாட்டியின் எதிரில் தற்செயலாக நின்று, அவர் சொன்ன அதே வாக்கியத்தை இரண்டாம் முறை கேட்டு, குழந்தையின் வயிற்றில் கை வைத்தார். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டிருந்தது. அந்த நோயின் இயல்பே அப்படித்தான்: வலி வரும்போது குழந்தை காலை மடக்கி வீரிடும், வலி போனதும் துவண்டு, தூங்குவதுபோலக் கிடக்கும். நான் அமைதி என்று நினைத்தது அந்தத் துவட்சி. பாடப்புத்தகத்தில் நான் படித்து, பரீட்சையில் எழுதித் தேறிய விடயம் அது. விடியுமுன் விமானத்தில் பெரிய நகரத்துக்கு அனுப்பினார்கள், குழந்தை பிழைத்துக்கொண்டான். இன்னும் சில மணித்தியாலம் போயிருந்தால் குடல் அழுகியிருக்கும். நான் அந்தப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை என்று இப்போது புரிகிறது.

என்னை அன்று தவறு செய்ய வைத்தது எது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வெறுப்பு இல்லை. அந்த மக்களை வெறுக்க எனக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை, பழக்கம்கூட இருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, தேநீர் அறையில், யார் எதற்கு வருவார்கள், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்லித் தந்த ஒரு பாடம் இருந்தது. வாந்தி என்றால் இது, தள்ளாட்டம் என்றால் அது, குழந்தை மெலிவு என்றால் கவனிப்பின்மை. அதை நான் அனுபவ அறிவு என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் யாழ்ப்பாணத்துத் தாய்மார் குழந்தைக்குத் தும்மல் வந்தாலும் ஐந்து உறவினரோடும் ஒரு பை நிறைய மருந்துப் போத்தல்களோடும் வந்து நின்று அழுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தாழ்ந்த குரலில் நிலத்தைப் பார்த்துப் பேசும் தாய் அக்கறையற்றவராகத் தெரிந்தார். பெரியவர்கள் முன்னும் அதிகாரத்தில் இருப்போர் முன்னும் அப்படிப் பேசுவதை ஒழுக்கமாகக் கருதும் குடும்பங்கள் அங்கே பல என்று எனக்குச் சொல்லித்தர அந்தத் தேநீர் அறையில் யாரும் இருக்கவில்லை.

ஒரு தாதியின் ஒரு இரவுத் தவறை வைத்துப் பொதுவாகப் பேசலாமா என்று அந்த அன்பர் கேட்கக்கூடும். அல்பேட்டா மாகாணத்தில் 2012 முதல் 2017 வரை அவசரப் பிரிவுகளுக்கு நடந்த ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளை ஆராய்ந்து, கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2022-இல் வெளியிட்டார்கள். முதற்குடி நோயாளிகளுக்கு அவசரமான எண் கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. நோய் வேறாக இருக்கலாம் அல்லவா என்று கேட்பதற்கும் அதில் பதில் இருக்கிறது: கை கால்களின் நீண்ட எலும்பு முறிந்து வந்தவர்களை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிட்டபோதும், சுவாசத் தொற்றோடு வந்தவர்களை ஒப்பிட்டபோதும் அந்த வேறுபாடு நின்றது. முறிந்த எலும்புக்கு இனம் கிடையாது. அதே ஆய்வுக் குழுவினர் பின்னர், சிகிச்சை முடியுமுன்பே எழுந்து போய்விடுவோரின் வீதம் முதற்குடி மக்களிடையே ஏறத்தாழ இரு மடங்கு என்பதையும் காட்டினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில், அவசரப் பிரிவு ஊழியர்கள் பூர்வகுடி நோயாளிகளின் இரத்தத்தில் எவ்வளவு மது இருக்கும் என்று ஊகித்து விளையாடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 2020-இல் எழுந்து, அரசு ஒரு விசாரணையை நியமித்தது. அப்படி ஒரு விளையாட்டு ஒழுங்கமைக்கப்பட்டு நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே விசாரணை சொன்னது. ஆனால் பதிலளித்த பூர்வகுடி மக்களில் 84 சதவீதத்தினர் மருத்துவ இடங்களில் ஏதோ ஒரு வகைப் பாகுபாட்டை அனுபவித்ததாகக் கூறியதையும் அதே அறிக்கைதான் பதிவு செய்தது. விளையாட்டு இல்லை என்பதை மட்டும் வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தவர்கள் பலர்.

பெரியவர்களுக்கு நேர்ந்தவற்றை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 2008-இல் வினிப்பெக்கில் பிரையன் சின்கிளெயர் என்பவர் சக்கர நாற்காலியில் 34 மணித்தியாலம் காத்திருந்து, எளிதில் குணப்படுத்தக்கூடிய சிறுநீர்ப்பைத் தொற்றினால் இறந்தார். குடித்துவிட்டு உறங்குகிறார் என்றும், குளிருக்கு ஒதுங்கியிருக்கிறார் என்றும் ஊழியர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2020 செப்டம்பரில் கியூபெக்கின் ஜொலியெட்டில், ஏழு பிள்ளைகளின் தாயான அட்டிக்கமெக் இனத்து ஜாய்ஸ் எச்சாகுவான் இறப்பதற்குச் சற்று முன் வைத்தியசாலைப் படுக்கையிலிருந்து தமது கைத்தொலைபேசியில் நேரலையாகக் காட்டிய நிமிடங்களில், ஊழியர்கள் அவரை இகழ்ந்தது உலகுக்கே கேட்டது. இனவாதமும் முன்முடிவும் அந்த மரணத்துக்குப் பங்களித்தன என்று மரண விசாரணை அதிகாரி எழுதினார். இவர்கள் இருவரும் தங்களுக்காகத் தாங்களே பேசக்கூடிய வயது வந்தவர்கள். தன் நோயைத் தானே சொல்ல முடியாத குழந்தைக்குப் பேசும் வாய் பெற்றோருடையது ஒன்றுதான். அந்த வாயையும் நம்பவில்லை என்றால் குழந்தைக்கு வேறு வாய் இல்லை.

இங்கே அந்த அன்பருக்கும் ஒரு பூர்வகுடித் தந்தைக்கும் உள்ள பெரிய வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது மணித்தியாலத்தில் எழுந்து போய் மேசையில் தட்டிச் சத்தம் போட்டதாக அவர் எழுதியிருந்தார். அதன் பின்னரே கவனித்தார்களாம். ஒரு முதற்குடித் தந்தை அதே மேசையில் தட்டினால் பாதுகாப்பு ஊழியர் வருவார், குடித்திருக்கிறாரா என்ற கேள்வி வரும். தட்டாமல் இருந்தால் அக்கறையில்லாதவர். பொறுக்க மாட்டாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு வைத்தியசாலைக்குப் போகலாம் என்று கிளம்பினால், மருத்துவ ஆலோசனையை மீறிப் பிள்ளையை எடுத்துச் சென்றார் என்று கோப்பில் எழுதப்படும், அந்தக் குறிப்பு சிறுவர் நலச் சேவையின் காதுக்குப் போகக்கூடும். 'சில்ட்ரன்ஸ் எய்ட்' என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் குரல் தணிந்துவிடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. நமக்கு அது ஓர் அச்சம். அவர்களுக்கு அது நடந்து முடிந்த, இன்னும் நடக்கும் செய்தி. 2021 குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 சதவீதம். வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்பட்டுள்ள அதே வயதுப் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம். பிரசவ அறையிலேயே, தாய்க்குத் தெரியாமல், இவர் பிள்ளை பெற்றதும் எமக்கு அறிவியுங்கள் என்று சிறுவர் நலச் சேவைகள் வைத்தியசாலைகளுக்கு அனுப்பும் முன்னறிவித்தல்களை ஒன்ராறியோ நிறுத்தியது 2020-இல்தான். பிள்ளையின் கையில் ஒரு காயத்தோடு அவசரப் பிரிவுக்குப் போவதா வேண்டாமா என்று ஓர் இளம் தாய் வாசலில் நின்று யோசிப்பதற்கு இந்த எண்களே போதும். அப்படி யோசித்துத் தாமதமாக வருபவரை நோக்கி, ஏன் இவ்வளவு தாமதம் என்று நாங்கள் கடிந்து கேட்போம்.

அந்தத் தாயின் பாட்டி காலத்துக் கதையும் இதில் சேரும். கடந்த நூற்றாண்டில் 'இந்தியன் வைத்தியசாலைகள்' என்ற பெயரில் பூர்வகுடியினரைப் பிரித்து வைத்து நடத்திய நிலையங்கள் இந்நாட்டில் இருந்தன. காசநோய் என்று பிள்ளைகளை எடுத்துச் சென்று ஆண்டுக்கணக்கில் பெற்றோருக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகளில் 1940களில், பசியோடிருந்த பிள்ளைகள்மீது அவர்களுக்கோ பெற்றோருக்கோ சொல்லாமல் ஊட்டச்சத்துப் பரிசோதனைகள் செய்தார்கள். வெள்ளை அங்கியைக் கண்டால் ஒரு குடும்பம் அடங்கிப் பேசுவதற்கு இவ்வளவு பின்னணி இருக்கிறது.

இவை பழங்கதை என்று ஒதுக்குபவர்களுக்காகவே கியூபெக்கின் வடக்கே நுனாவிக்கில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனெனில் இது நேற்று நடந்தது. அங்கே வட துருவப் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் 14 கிராமங்கள் இருக்கின்றன. தெற்கோடு இணைக்கும் வீதி எதற்கும் கிடையாது. பிள்ளைக்குத் தலையில் அடிபட்டாலோ மூச்சுத் திணறினாலோ அரசின் அவசர விமானம் வந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் மொன்றியலுக்குக் கொண்டு போகும். நீண்ட காலமாக அந்த விமானத்தில் பெற்றோரை ஏற்றுவதில்லை என்பது வழக்கமாக இருந்தது. இடமில்லை, பாதுகாப்பு இல்லை என்றார்கள். கனடாவின் மற்ற மாகாணங்களில் இடம் இருந்தது. இனுக்ரிற்றுற் மொழி மட்டுமே தெரிந்த மூன்று வயதுப் பிள்ளை, தன் மொழி ஒரு சொல்லும் தெரியாதவர்களோடு, கட்டிலில் கட்டப்பட்டு, தனியே இறங்கும். ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தார்கள், எந்த மருந்து ஒவ்வாது, வழமையாக எப்படி இருக்கும் பிள்ளை என்று சொல்ல அருகே ஒருவரும் இல்லை. சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கத் தொலைபேசியில் பெற்றோரைத் தேடுவார்கள். பெற்றோர் அடுத்த பயணிகள் விமானத்தைப் பிடித்து வந்து சேரும்போது ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகியிருக்கும். மொன்றியலின் சிறுவர் அவசரப் பிரிவு வைத்தியர்கள் சிலர் இதைத் தாங்கமாட்டாமல் 2018-இல் பகிரங்கமாகப் போராடினார்கள். அரசு வழக்கத்தை மாற்றுவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பின் மை காய்வதற்குள், அதே ஆண்டு ஜூன் மாதத்தில், சுகாதார அமைச்சராக இருந்த கெய்டன் பாரெட் பேசிய ஓர் ஒலிப்பதிவு வெளிவந்தது. போதையிலோ கிளர்ந்த நிலையிலோ இருப்பவர் விமானத்தில் ஏற்றப்பட மாட்டார், அப்படிப்பட்டவர்கள் எப்போதும் வருகிறார்கள் என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். நோயுற்ற பிள்ளையின் அருகே ஒரு தாய் இருக்கலாமா என்பது கேள்வி. அமைச்சரின் நாவில் முதலில் வந்த விடை போதை. நான் அந்தக் குளிர்கால இரவில் கேட்ட மூன்றாவது கேள்விக்கும் அதற்கும் என்ன தூரம்?

தொலைவிலுள்ள சமூகங்களில் வைத்தியசாலையே இல்லை, தாதியர் நிலையம் ஒன்று மட்டும் இருக்கும். மத்திய அரசின் கணக்காய்வாளர் நாயகம் 2015-இல் மானிட்டோபாவிலும் ஒன்ராறியோவிலும் அந்த நிலையங்களைப் பார்வையிட்டு, மாதிரியாக எடுத்த 45 தாதியரில் கட்டாயப் பயிற்சிகள் அனைத்தையும் முடித்தவர் ஒருவர் மட்டுமே என்று எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு, வடமேற்கு ஒன்ராறியோவின் முதற்குடிச் சமூகங்களில், சாதாரணத் தொண்டை அழற்சியாகத் தொடங்கி இதயத்தைத் தாக்கும் வாதக் காய்ச்சலால் சிறு பிள்ளைகள் இருவர் இறந்திருந்தார்கள். ஆரம்பத்தில் பெனிசிலின் குடும்பத்து மருந்து கொடுத்திருந்தால் நிற்கக்கூடிய நோய் அது. ரொறன்ரோவில் வாழும் எந்தத் தாதியும் தன் சேவைக்காலத்தில் அதைக் கண்டிருப்பது அரிது.

ஜோர்டன் கொள்கை என்ற பெயரை நம்மில் சிலர் செய்தியில் கேட்டிருப்பார்கள். மானிட்டோபாவின் நோர்வே ஹவுஸ் கிரீ இனத்தில் பிறந்த ஜோர்டன் ரிவர் அண்டர்சன் என்ற சிறுவன், வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியர்கள் சொன்ன பிறகும், வீட்டுப் பராமரிப்புச் செலவை மத்திய அரசு தருவதா மாகாண அரசு தருவதா என்று குளியல் ஷவரின் தலைப்பகுதி யார் செலவு என்பது வரை பேரம் பேசப்பட்டதால், 2005-இல் ஐந்து வயதில் வைத்தியசாலையிலேயே இறந்தான். தன் வீட்டில் ஒரு நாள்கூட இருக்கவில்லை. முதலில் பிள்ளைக்கு வேண்டியதைச் செய், யார் பணம் தருவது என்று பிறகு பார் என்பதே அக்கொள்கை. 2007-இல் நாடாளுமன்றம் ஏகமனதாக ஏற்றது. அதைச் செயற்படுத்த மனித உரிமைத் தீர்ப்பாயத்தின் 2016 தீர்ப்பு தேவைப்பட்டது. இப்போது அவசர விண்ணப்பங்களுக்கு 12 மணித்தியாலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயத்தின் கட்டளை இருக்கிறது. நல்லது. ஆனால் ட்ரியாஜ் மேசையில் எழுதப்படும் எண்ணைத் தீர்ப்பாயம் வந்து திருத்த முடியாது.

அங்கேதான் நம்மவர்கள் வருகிறார்கள். இந்த மாகாணத்தின் வைத்தியசாலைகளில் தாதியராக, வைத்தியர்களாக, பதிவு மேசை எழுதுநர்களாக, பாதுகாப்பு ஊழியர்களாக எத்தனை தமிழர்கள் வேலை செய்கிறார்கள் என்பதைத் தங்கள் வாசகர்களே அறிவார்கள். வடக்கில் முதல் வேலை கிடைத்துப் போகும் இளம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் மருமகள் ஒருத்தி அவ்வாறு புறப்பட்டபோது, விருந்தில் இருந்த உறவினர்கள், "அங்கே அவர்களுக்கு அரசாங்கம் எல்லாம் சும்மா கொடுக்கிறது, குடித்துவிட்டுக் கிடப்பார்கள், கவனமாக இரு பிள்ளை" என்று அறிவுரை சொல்லி அனுப்பினார்கள். சொன்னவர்கள் நல்லவர்கள். ஒரு முதற்குடி மனிதரோடு ஒரு தேநீர்கூட அருந்தியவர்கள் அல்லர். நான் தேநீர் அறையில் பெற்ற பாடத்தை அவள் வீட்டிலேயே பெற்றுக்கொண்டு போனாள். இலங்கைச் சோதனைச் சாவடிகளில், முகத்தைப் பார்க்கு முன் அடையாள அட்டையைப் பார்ப்பவர்களின் முன் பிள்ளையோடு நின்ற தலைமுறை இன்னும் நம் வீடுகளில் உயிரோடு இருக்கையில், இந்த அறிவுரை நம் வாயிலிருந்து இவ்வளவு எளிதாக வருவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. முதலாவது, தங்கள் இதழ் இப்போதும் இடையிடையே பயன்படுத்தும் 'செவ்விந்தியர்' என்ற சொல்லைக் கைவிட வேண்டும். கிரீ, ஒஜிப்வே, அட்டிக்கமெக், இனுயிட் என்று அவர்களுக்குப் பெயர்கள் இருக்கின்றன. தமிழில் எழுதுவது கடினமாகவும் இல்லை. இரண்டாவது, மருத்துவப் பக்கத்தில் வாரந்தோறும் நீரிழிவைப் பற்றி எழுதும் இடத்தில் ஒரு வாரத்தையாவது, அவசரப் பிரிவில் பெற்றோர் என்ன கேட்கலாம் என்பதற்கு ஒதுக்க வேண்டும். காத்திருக்கும்போது பிள்ளையின் நிலை மாறினால் மறுபடி மதிப்பிடும்படி ட்ரியாஜ் தாதியைக் கேட்கலாம், கேட்பது தொல்லை அல்ல. "என் பிள்ளை வழமையாக இப்படி இருப்பதில்லை" என்ற வாக்கியத்தைக் கோப்பில் எழுதும்படி சொல்லலாம். ஒன்ராறியோவின் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் நோயாளர் முறைப்பாடுகளைக் கேட்கும் ஏற்பாடு சட்டப்படி இருக்க வேண்டும். பல இடங்களில் பூர்வகுடி நோயாளர்களுக்குத் துணைநிற்கும் வழிகாட்டி ஊழியர்களும் இருக்கிறார்கள். அவர்களை அழைக்கட்டுமா என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் அங்கே வேலை செய்யும் நாம்தான், நோயாளி கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.

சென்ற வாரம் எழுதிய அன்பரின் மகன் நலமாகிவிட்டான் என்று அக்கடிதத்தின் இறுதியில் இருந்தது, மகிழ்ச்சி. அவரிடம் ஒன்று மட்டும் கேட்க விரும்புகிறேன். அன்று இரவு பதிவு மேசையில் அவரிடம் என்னென்ன கேட்டார்கள் என்று நினைவுபடுத்திப் பார்க்கட்டும். வீட்டில் யார் குடிப்பார்கள் என்று கேட்டார்களா?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சிறு நகரத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்; என் பெயர் தெரிந்தால் அந்தக் குடும்பத்தையும் அடையாளம் கண்டுவிடுவார்கள். அந்தப் பையனுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஸ்காபரோ.